ஆளுக்கு நூறு திர்ஹத்தில் லிவா

அபுதாபியிலிருந்து லிவா பாலைவனச்சோலைக்குப் போய், ஓர் இரவு மணலில் படுத்துவிட்டு மறுநாள் திரும்ப, ஆளுக்கு நூறு திர்ஹம் தாராளம். நான்கு பேர் ஒரு பழைய கொரோலாவில் போனால், போக வர ஐந்நூறு, ஐந்நூற்றைம்பது கிலோமீட்டருக்குப் பெட்ரோல் பங்கு தலைக்கு முப்பது வாக்கில் வரும். அபுதாபியின் தொழிற்பேட்டைப் பகுதியான முசஃபாவில் கட்டிய பிரியாணிப் பொட்டலம், ஒரு பெட்டி தண்ணீர், டீ போட சின்ன கேஸ் அடுப்பு, இரண்டு பாய், கனத்த போர்வை. கூடாரம் வைத்திருப்பவர் எடுத்துக்கொள்ளலாம். இல்லாதவர் காரை ஒட்டிப் பாய் விரித்துக்கொண்டால் போதும். விடியற்காலைப் பனி போர்வையை நனைத்துவிடும், அவ்வளவுதான். கார் இல்லாதவர்களுக்கு அபுதாபி பஸ் நிலையத்திலிருந்து பஸ் இருக்கிறது. அது லிவாவின் பெரிய ஊரான மெஸைராவில் இறக்கிவிடும். அங்கிருந்து மணல்மேட்டுக்கு டாக்சிதான். திரும்பி வருவதற்கும் அதே டாக்சிக்காரரிடம் பேசி வைத்துக்கொள்ளாவிட்டால் இருட்டில் நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

படுக்க வாடகை கேட்க அங்கே யாருமில்லை. ரூப் அல் காலி என்கிற பெருமணற்காட்டின் வடக்கு விளிம்பு அது. தமிழ்நாட்டைப்போல் ஐந்து மடங்கு, ஏறக்குறைய ஆறரை லட்சம் சதுர கிலோமீட்டர் வெறும் மணல், அங்கிருந்து தெற்கே தொடங்குகிறது.

இதே லிவாவுக்கு வெளியே, 1946 டிசம்பரில், வில்ஃபிரட் தெசிஜர் என்ற ஆங்கிலேயர் மூன்று நாள் பட்டினியோடு காத்துக் கிடந்தார். வெட்டுக்கிளி ஒழிப்புப் பிரிவின் வேலை என்ற பேரில் சலாலாவிலிருந்து ஒட்டகத்தில் கிளம்பி, பதூக்கள் எனப்படும் பாலைவன நாடோடிகள் சிலரோடு மணற்காட்டைக் குறுக்கே கடந்து வந்தவர். கொண்டுவந்த மாவு கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டது. லிவாவுக்குள் நுழைந்தால் வெளியாள், அதுவும் கிறிஸ்தவர், வந்திருக்கிறார் என்ற சேதி பரவிவிடும். சவூதி மன்னரின் ஆட்கள் காதுக்கு எட்டினால் வம்பு. அதனால் கூட வந்தவர்களில் சிலரை உணவு வாங்கிவர அனுப்பிவிட்டு, இவர் மணல்மேடுகளுக்கு நடுவில் ஒளிந்திருந்தார். போனவர்கள் கொண்டுவந்ததும் பெரிதாக ஒன்றுமில்லை, கொஞ்சம் பேரீச்சம்பழமும் கோதுமையும். அந்தப் பயணத்தில்தான், பாடுபட்டுப் பிடித்துச் சமைத்த ஒரு முயலை, சாப்பிட உட்காரும் நேரத்தில் வந்து சேர்ந்த விருந்தாளிகளுக்கு பதூக்கள் அப்படியே கொடுத்துவிட்டதை அவர் எழுதியிருக்கிறார். லிவாவுக்குள் அவர் கால்வைத்தது 1948இல்தான்.

இன்று நம் பையன்கள் மெஸைராவில் கஃபட்டீரியா வாசலில் காரை நிறுத்தி ஹாரன் அடிக்கிறார்கள். மலையாளிச் சேட்டன் ஓடிவந்து கண்ணாடி வழியே ஆர்டர் எடுத்துப்போய், கரக் டீயும் பொரோட்டாவுக்குள் சுருட்டிய முட்டையும் கொண்டுவந்து கொடுக்கிறார். டீ ஆறியிருக்கிறது என்று சண்டை பிடிக்கிறவர்களும் உண்டு.

லிவா என்றதும் நடுவில் ஒரு குளம், சுற்றிப் பத்து மரம் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் ஏமாறுவார்கள். அது ஒரே ஊரும் இல்லை. கிழக்கே ஹமீம் தொடங்கி மேற்கே அராதா வரை பிறைபோல் வளைந்து, சுமார் நூறு கிலோமீட்டருக்கு ஐம்பது சிற்றூர்கள் கோத்த வரிசை. மணல்மேடுகளுக்கு நடுவே உள்ள பள்ளங்களில் தண்ணீர் மேலாக நிற்கும். அந்தப் பள்ளங்களில் பேரீச்சை. அந்தக் காலத்தில் வீடு பள்ளத்தில் கட்டமாட்டார்கள். மேலே, காற்று வாங்கும் மேட்டு முதுகில், பேரீச்சை ஓலையும் மட்டையும் வைத்துக் கட்டிய குடிசைகள். தோட்டத்தை மணல் மூடாமலிருக்க மேட்டின் உச்சியில் மட்டைகளை நெருக்கமாக நட்டு வேலி போடுவார்கள். மணல் அந்த வேலியையே புதைத்துவிடும். புதைந்த வேலிக்கு மேல் இன்னொரு வேலி. இந்த மட்டை வேலி இன்றும் இருக்கிறது. லிவாவில் மாறாத பொருள் ஒன்றைக் காட்டு என்று யாராவது கேட்டால் நான் அதைத்தான் காட்டுவேன்.

மற்றதெல்லாம் மாறியது என்று சொன்னால் போதாது. திசை திரும்பிவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

முதலில் காலண்டர். அன்றைய லிவா கோடையில்தான் ஊராக இருந்தது. ஜூனில் பழம் செங்காயாகத் தொடங்கும்போது, மணலெங்கும் சிதறிக் கிடந்த பனீ யாஸ், மனாசீர் குலக் குடும்பங்கள் தங்கள் தங்கள் மரத்தடிக்கு வந்து சேரும். இளவட்ட ஆண்களில் பெரும்பகுதி அதே கோடையில் ஒட்டகத்தில் வடக்கே கடற்கரைக்குப் போய் முத்துக் குளிக்கும் படகுகளில் ஏறிவிடுவார்கள். மற்றவர்கள் இங்கே குலை அறுத்து, காயவைத்து, ஓலைப் பெட்டிகளில் மிதித்து அடைப்பார்கள். மாரியில் ஊரே காலி. ஒட்டகங்களை மேய்த்துக்கொண்டு மணலுக்குள் போய்விடுவார்கள். மரங்கள் தம் பாட்டுக்கு நிற்கும். முத்து பம்பாய்க்குப் போகும். கடற்கரையில் புழங்கிய காசும் நம் ரூபாய்தான். 1930களில் ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்து அந்தப் பிழைப்பின் முதுகை ஒடித்தது. உலகப் பொருளாதார மந்தமும் அப்போதே சேர்ந்துகொண்டது. தெசிஜர் ஆள் அனுப்பிச் சாப்பாடு வாங்கிய லிவா, முத்துக் காசு நின்றுபோன லிவா. அங்கே விற்கிறதுக்கு அவ்வளவுதான் இருந்திருக்கும்.

இன்று நிரம்பி வழிவது மாரியில். நவம்பர் முதல் மார்ச் வரை ஒவ்வொரு வெள்ளி மதியமும் அபுதாபியிலிருந்தும் துபாயிலிருந்தும் வண்டிகள் கிளம்புகின்றன. மே பிறந்தால் ஒரு சுற்றுலாக்காரர் கிடையாது. 45 டிகிரி வெயிலில் தோட்டத்துத் தொழிலாளிகள் மட்டும் இருப்பார்கள்.

வார விடுமுறையே அப்போது வேறு. தொண்ணூறுகளின் கடைசியில் நான் வந்த புதிதில் அரசு அலுவலகங்களுக்கு வியாழன், வெள்ளி லீவு. எங்களைப்போன்ற கம்பெனி ஆட்களுக்கு வெள்ளி ஒருநாள். துணி துவைத்து, முடி வெட்டி, போன் கார்டு வாங்கிச் சுரண்டி ஊருக்குப் பேசி முடிப்பதற்குள் அந்த நாள் போய்விடும். 2006 செப்டம்பரில் அரசு லீவு வெள்ளி, சனி ஆனது. 2022 ஜனவரியிலிருந்து சனி, ஞாயிறு. வெள்ளி அரைநாள் வேலை. ஏட்டில் இரண்டரை நாள். ஆனால் முசஃபாவின் ஒர்க்ஷாப்புகளில் இன்றும் பெரும்பாலானவர்களுக்கு லீவு ஒரே நாள்தான். வெள்ளிக்குப் பதில் ஞாயிறு என்று பெயர் மாறியது, அவ்வளவே. ஆளுக்கு நூறு திர்ஹம் என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு, காசு இருக்கிறது, இரண்டு நாள் எங்கே இருக்கிறது என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி.

நான் முதலில் லிவா பார்த்ததும் ஊர் சுற்றப் போய் அல்ல, கம்பெனி பிக்கப்பில் சரக்கு இறக்கப் போன சாக்கில். தரீஃபில் கடற்கரைச் சாலையை விட்டு இடதுபுறம் திரும்பி, ஹப்ஷானின் எண்ணெய் வயல் தீச்சுடர்களைத் தாண்டி, மதீனத் சாயிதில் டீசல் போட்டுக்கொண்டு தெற்கே போகும் வழி. இருட்டிவிட்டால் ஒட்டகத்துக்குப் பயந்தே ஓட்ட வேண்டும். கறுத்த ஒட்டகம் தார் ரோட்டில் நின்றால் கடைசி நொடி வரை தெரியாது. இப்போது சாலையின் இரு பக்கமும் கம்பி வேலி. பல இடங்களில் விளக்கு. ஹமீம் வழியாகப் போகும் இன்னொரு ரோடும் இருக்கிறது. அதில் போனால் பிரமிடு வடிவக் கட்டடத்தில் ஷேக் ஒருவரின் பழைய கார்கள் மியூசியத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம். அங்கே நிற்கும் ராட்சத டாட்ஜ் பவர் வேகனின் சக்கரத்துக்குப் பக்கத்தில் மனிதன் பொம்மை மாதிரி தெரிவான். சிக்கனமாகக் கிளம்பியவர்கள் டிக்கெட் எடுக்காமல் வெளியே நிற்கும் பெரிய வண்டிகளோடு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நானும் அந்தக் கட்சி.

பெட்ரோல் விலையும் ஒரு அன்றும் இன்றும். 2015 ஆகஸ்டில் மானியத்தை எடுக்கும் வரை லிட்டர் 1.72 திர்ஹம். அதற்குப் பிறகு மாதாமாதம் உலகச் சந்தையோடு ஏறி இறங்குகிறது. முன்பெல்லாம் ஒருவரே டேங்கை நிரப்பிவிட்டு, விடுங்கள் என்பார். இப்போது பங்கு பிரிக்கிறோம்.

மெஸைராவிலிருந்து தெற்கே இருபத்தைந்து கிலோமீட்டர் போகும் தார் ரோடுதான் இந்தப் பயணத்திலேயே அழகான பகுதி. சிவந்த மணல்மேடுகளுக்கு நடுநடுவே சுண்ணாம்பு பூசிய முற்றம்போல வெள்ளை உப்புத் தளங்கள். ரோடு மேட்டில் ஏறித் தளத்தில் இறங்கி, கடைசியில் தல் மூரிப் என்ற பெரிய மணல்மேட்டின் அடிவாரத்தில் முடிகிறது. சுமார் 300 மீட்டர் உயரம், ஐம்பது டிகிரிச் சரிவு. சாதாரண கார் அடிவாரம் வரை போகும். அதற்குமேல் டயர் காற்றை இறக்கிய நாலு சக்கர இழுவை வண்டிகள் சமாச்சாரம்; கொரோலாக்காரர்கள் தார் ரோட்டை விட்டு ஓர் அடியும் நகராமலிருப்பது நல்லது. காலால் ஏறலாம். இரண்டு அடி ஏறினால் ஓர் அடி சறுக்கும். வருஷக் கடைசியில் இங்கே கார் ஏற்றப் பந்தயத் திருவிழா. புத்தாண்டுக்கு அடிவாரம் முழுக்க ஜெனரேட்டரும் குவாட் பைக்கும். அமைதி வேண்டும் என்று போகிறவர்கள் அந்த வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். ஹாலிவுட்காரர்கள் 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கும் 'டூன்' படத்துக்கும் இந்த மணலுக்கு வந்தார்கள். 2009இல் கஸ்ர் அல் சராப் என்ற சொகுசு விடுதி வந்தது. அங்கே குளிர்காலத்தில் ஓர் இரவு வாடகை எங்கள் ஏரியாவில் பல பேருடைய ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டும். அதே நட்சத்திரங்கள்தான் பாயில் படுத்தாலும் தெரிகின்றன என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். மெத்தையில் படுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லும் ஆதாரம் எங்களிடம் இல்லை.

பெரும்பாலானவர்கள் இத்தோடு திரும்பிவிடுகிறார்கள். மணல்மேடு, சூரிய அஸ்தமனம், பிரியாணி, போட்டோ. தோட்டத்துக்குள் யாரும் இறங்குவதில்லை.

ஒரு பிப்ரவரியில், மெஸைராவுக்கு மேற்கே ஒரு தோட்டத்தில், எங்களோடு வந்த நண்பருக்குத் தெரிந்தவர் வேலையில் இருந்தார். ராமநாதபுரம் பக்கத்து ஆள். அப்பா பனையேறி, இவருக்குப் பேரீச்சை வாய்த்தது. நாங்கள் போனபோது மரத்தின் மேல் இருந்தார். இடுப்பைச் சுற்றி மரத்தோடு சேர்த்துக் கட்டிய அகலமான கயிற்றுப் பட்டையில் முதுகைச் சாய்த்து, இரண்டு கையும் வேலைக்கு விட்டிருந்தார். பேரீச்சையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காற்றை நம்பினால் பாதி பூ வீண். அதனால் ஆண் மரத்துப் பாளையைப் பிளந்து, மாவு உதிரும் கதிர்களில் நாலைந்தை எடுத்து, வெடித்து ஓரிரு நாளே ஆன பெண் பாளையின் நடுவே தலைகீழாகச் செருகி, கிழித்த ஓலையால் தளர்வாக ஒரு முடிச்சு. ஒரு பாளைக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை. ஆனால் ஒரு மரத்தின் பாளைகள் ஒரே நாளில் வெடிக்காது. ஒவ்வொரு மரத்துக்கும் திரும்பத் திரும்ப ஏற வேண்டும்.

இறங்கி வந்து கை துடைத்துக்கொண்டு சொன்னார்: "பனைக்கு இந்தப் பாடெல்லாம் கெடையாதுண்ணே. அது பாட்டுக்கு நிக்கும். இது கைக்கொழந்த கணக்கு. பாளை கட்டணும், பிஞ்சு கழிக்கணும், கொலையை இழுத்து மட்டையில கட்டணும், வலை போடணும், அறுக்கணும், மட்ட கழிக்கணும். முடிஞ்சிச்சுன்னு உக்காந்தா அடுத்த பாளை வந்துரும்."

"முதலாளி வருவாரா?"

"வெள்ளி, சனி பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு வருவாரு. அவுகளுக்கும் இது வீக்கெண்டுதான்."

அவர் கூட வேலை பார்த்தவர்கள் சிந்து மாகாணத்திலிருந்து வந்த ஒரு பெரியவரும் ஒரு வங்காளதேசத்துப் பையனும். பேரீச்சை அந்தப் பெரியவரின் ஊர்ப் பயிர். நம் ஆளுக்கு மரமேறுவது பரம்பரை. பையனுக்கு இரண்டும் இல்லை; அவன் தண்ணீர் வால்வு பார்த்துக்கொண்டான். அல் அய்னும் லிவாவும் சேர்ந்து உலக முக்கியத்துவம் வாய்ந்த பாரம்பரிய வேளாண் அமைப்புகளில் ஒன்று என்று ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் 2015இல் அங்கீகரித்தது. அந்தப் பாரம்பரியத்தை வருஷம் முழுக்கத் தூக்கி நிறுத்துவது இந்த மூன்று பேரைப்போன்றவர்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் காலத்து மரத்துக்காரரும் வருஷத்தில் பல மாதம் மரத்தடியில் இருந்ததில்லை; கடலிலோ ஒட்டகத்தின் பின்னாலோதான் இருந்தார். ஆனால் மரத்துக்கு ஏறியது அவர் வீட்டு ஆள்.

மரத்தைச் சுற்றியிருந்த பாத்தியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. குழாய்த் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது.

அன்று இந்தப் பள்ளங்களில் ஆள் உயரம், இரண்டு ஆள் உயரம் தோண்டினால் தண்ணீர். இளங்கன்றுக்குச் சில வருஷம் கையால் மொண்டு ஊற்றுவார்கள். வேர் கீழே தண்ணீரைத் தொட்டுவிட்டால் பிறகு பாய்ச்ச வேண்டியதே இல்லை. மாரி முழுக்க ஊர் காலியாகக் கிடந்தும் மரங்கள் பிழைத்ததன் ரகசியம் அதுதான். அந்தத் தண்ணீர் இன்றைய மழையின் தண்ணீர் அல்ல. பல்லாயிரம் வருஷங்களுக்கு முன்னால் அரேபியாவில் மழை நன்றாகப் பெய்த காலத்தில் இறங்கித் தங்கியது. எடுத்தால் குறையும், திரும்பச் சேராது. கையால் மொண்ட வரை அது குறைந்தது யாருக்கும் தெரியவில்லை. எண்ணெய் வந்தது. 1962இல் அபுதாபியிலிருந்து முதல் கப்பல் எண்ணெய் ஏற்றுமதியானது. லிவாவுக்கு வடக்கே பூ ஹஸா வயல் கண்டுபிடித்ததும் அதே வருஷம். 1966இல் ஷேக் சாயித் ஆட்சிக்கு வந்தபின் வீடு, பள்ளி, ஆஸ்பத்திரி, ரோடு, பாலையைப் பசுமையாக்கும் திட்டம். ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் வந்தன. ஒட்டகத் தீவனத்துக்காக ரோட்ஸ் புல் வளர்த்தார்கள். பேரீச்சையைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கிற புல் அது. பார்க்கப் பச்சையாக, அழகாக இருக்கும். 2010இல்தான் அபுதாபி அரசு அந்தப் புல்லுக்கான மானியத்தை நிறுத்தியது. அதற்குள் நீர்மட்டம் இறங்கி, உப்பு ஏறிவிட்டது. இப்போது சொட்டுநீர்க் குழாய் இல்லாமல் இந்த மரங்கள் நிற்காது.

பசுமையாக்கினார்கள் என்று புகழ்கிறவர்களும் கெடுத்தார்கள் என்று திட்டுகிறவர்களும் ஒரு கூட்டத்தை மறந்துவிடுகிறார்கள். மோட்டார் வந்த நாளில் லிவாவில் வாழ்ந்த கிழவிகள். மேட்டு முதுகிலிருந்து பள்ளத்துக்கு இறங்கித் தோல் பையில் தண்ணீர் சுமந்து மேலேறிய அந்த உடம்புகளைக் கேட்டிருந்தால், நீர்மட்டத்தைப் பற்றி அவர்கள் பேசியிருக்கமாட்டார்கள்.

தெசிஜர் பேசினார். 1977இல் அபுதாபிக்குத் திரும்பி வந்தவர், கண்ட மாற்றத்தில் மனம் கசந்து போனார். அவர் சுற்றிய உலகம் முப்பது வருஷத்தில் காணாமற்போயிருந்தது. அவருடைய 'அரேபியன் சாண்ட்ஸ்' புத்தகம் எனக்கு மிகவும் பிடித்தது. அந்தக் கசப்பு மட்டும் பிடிக்கவில்லை. பட்டினியைத் தேடி வந்தவர் அவர். அவருடன் வந்த சலீம் பின் கபீனாவுக்குப் பட்டினி தானாக வாய்த்தது. நினைத்தபோது கப்பலேறிப் போக முடிந்தவர், இருந்தவர்கள் அப்படியே இருந்திருக்கக் கூடாதா என்று வருந்துவது எளிது. வயதான காலத்தில் அவரும் சற்று இறங்கிவந்து இந்த மாற்றத்தை ஏற்றுக்கொண்டார்.

தண்ணீர்க் கதையின் கடைசி அத்தியாயம்தான் விசித்திரம். அபுதாபி என்ற ஊர் உண்டானதே லிவாக்காரர்களால். 1761இல், ஒரு மானின் தடத்தைப் பின்தொடர்ந்து போய், கடலோரத் தீவொன்றில் குடிநீர் கண்டார்கள் என்பது அங்கே சொல்லும் கதை. 1790களில் ஆளும் அல் நஹ்யான் குடும்பமே லிவாவை விட்டு அந்தத் தீவுக்குக் குடிபோனது. அதே பனீ யாஸ் குலத்தின் இன்னொரு கிளை 1833இல் துபாய்க்குப் போனது, அவர்கள்தான் மக்தூம்கள். ஆக, இன்றைய இரண்டு பெருநகரங்களின் ஆட்சியாளர்களுக்கும் வேர் இந்தப் பேரீச்சைப் பள்ளங்களில். தண்ணீரைத் தேடி லிவா கடலுக்குப் போனது.

இப்போது கடல் லிவாவுக்கு வருகிறது. அபுதாபி குடிப்பது உப்பு நீக்கிய கடல்நீர். கடலில் எண்ணெய் சிந்தினாலோ செந்நிறப் பாசி பெருகினாலோ உப்பு நீக்கும் ஆலைகளை மூட வேண்டியதுதான். 2008, 2009இல் அப்படிப் பாசி படர்ந்து வளைகுடாவில் சில ஆலைகள் நின்றன. ஒரு மாநகரத்துக்குச் சில நாள் தண்ணீர்தான் கையிருப்பு என்றால் எந்த ஆட்சியாளருக்கும் தூக்கம் வராது. அதனால் கடற்கரையில் சுத்திகரித்த நீரைக் குழாயில் லிவாவுக்குக் கொண்டுவந்து, மணலுக்கு அடியில் இறக்கிச் சேமித்தார்கள். நாளுக்கு எழுபது லட்சம் காலன் வீதம் 27 மாதம் இறக்கினார்கள். 2018 ஜனவரியில் திறந்து வைத்தபோது அடியில் இருந்தது 2 கோடியே 60 லட்சம் கன மீட்டர். பத்து லட்சம் பேருக்கு, ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 180 லிட்டர் வீதம், 90 நாள் கொடுக்கலாம். தரைக்குமேல் தொட்டி கட்டினால் வெயிலில் ஆவியாகும், குண்டு விழுந்தால் போகும். மணலுக்கு அடியில் இரண்டு பயமும் இல்லை. இருநூறு வருஷத்துக்கு முன்னால் தண்ணீருக்காக விட்டுப்போன ஊரின் மடியிலேயே தலைநகரம் தன் கடைசிச் செம்புத் தண்ணீரை ஒளித்து வைத்திருக்கிறது.

இதையெல்லாம் பார்க்க முடியாது. மதீனத் சாயிதுக்கும் லிவாவுக்கும் நடுவில் காரில் போகும்போது இரு பக்கமும் வெறும் மணல்தான் தெரியும். தெரிந்துகொண்டு போனால் அந்த வெறும் மணலைக் கொஞ்சம் மரியாதையோடு பார்ப்போம். நம் ஆட்கள் அதில் பிரியாணித் தட்டும் பிளாஸ்டிக் பாட்டிலும் வீசிவிட்டு வருவதைப் பார்க்கும்போது எனக்கு வாய் சும்மா இருப்பதில்லை. மட்டை வேலியைப் பிடுங்கி எரித்துக் குளிர்காயும் கூட்டத்தையும் கண்டிருக்கிறேன். விறகு பெட்ரோல் பங்கில் கட்டுக்கட்டாக விற்கிறது. அந்த வேலி ஒரு தோட்டத்தின் உயிர்.

நவம்பர், டிசம்பரில் நூறு திர்ஹத்தோடு போய் வாருங்கள், நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவைதான் முடியும் என்றால் நான் சொல்வது ஜூலை. பைத்தியமா என்பீர்கள். 2005 முதல் ஜூலையில் லிவா பேரீச்சைத் திருவிழா நடக்கிறது. பெரிய ஏ.சி. கூடாரம், நுழைவு இலவசம். தப்பாஸ், கலாஸ், ஃபர்த், கனைஸி என்று ரகவாரியாக, பாதி பழுத்த ருதப் பழங்கள் தட்டுத் தட்டாகப் போட்டிக்கு வந்திருக்கும். எடை மிகுந்த குலைக்குத் தனிப் போட்டி. இரண்டு பேர் கம்பில் தோள்போட்டுத் தூக்கி வருவார்கள். மாம்பழத்துக்கும் எலுமிச்சைக்கும்கூடப் பரிசு உண்டு. தோட்டத்தைப் போய்ப் பார்த்து, தண்ணீரை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்பதையும் கணக்கில் எடுத்துத்தான் பரிசு. பெரியவர்கள் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, ஒவ்வொரு தட்டுக்கு முன்னாலும் நின்று பேர் சொல்லிக் கொடுப்பார்கள். லிவா தன் பழைய காலண்டரின்படி ஊராக இருப்பது அந்தத் திருவிழா நாட்களில்தான்.

ராத்திரி மணலில் படுக்க முடியாது, அன்றே திரும்ப வேண்டும். வெயில் சாயும் நேரத்துக்கு அங்கே போய்ச் சேரும்படி மதியத்துக்குமேல் கிளம்புங்கள். டயரில் காற்றும் ரேடியேட்டரில் தண்ணீரும் பாருங்கள். ஆளுக்கு ஐந்து லிட்டர் குடிநீர் காரில் இருக்கட்டும். செலவு நூறுகூட ஆகாது.